இனிப்பு தின்றது

அடுகோடி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதாக அத்திம்பேர் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் லேசாக ஒரு கல்யாணக் களை தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக அவர் செய்ய நினைத்ததை நீ ஒரே விரலால் செய்துவிட்டாய். “இனிமே எதுவானாலும் எழுதச் சொல்றா. போன்ல நீ சிரிக்க வெச்சுடறயாம். கீழ வெச்சப்புறம்தான் கேட்ட கேள்விக்கு நீ பதிலே சொல்லலைன்னு தெரியறதாம்” என்றார்.

ஆகவே ஐம்பத்தொரு வயதில், வழுக்கையும் தொந்தியுமாக, தபால் பெட்டி தேடி அடுகோடி முழுக்க அலைந்தேன். போலீஸ் குடியிருப்புப் பக்கம் ஒன்று கிடைத்தது. அதன் வாயில் யாரோ சிப்ஸ் பாக்கெட்டைத் திணித்திருந்தார்கள். எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிள், “ஏன் சார், ஏனாத்ரூ கள்கொண்ட்ரா?” என்றார், எதையாவது தொலைத்துவிட்டேனா என்று. ஆமாம், மானத்தைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கன்னடத்தில் அந்த அளவுக்கு ஹாஸ்யம் வராது எனக்கு.

அத்திம்பேரின் அறுபதாம் கல்யாணத்தன்று உன் வீட்டு வாசலில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் வரக் கூடாதென்று உன் டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் பகல் முழுக்க ஆராய்ச்சிக்கூடத்துப் பன்றிகளோடு குடித்தனம் நடத்துகிறவன். நீயோ யாரோ ஒருவரின் கணையத்தையும் கிட்னியையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, உடம்பு அவற்றை விரட்டாமல் இருக்க எதிர்ப்பு சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறவள். என் சட்டையில் தொற்றி வரும் கிருமிக்கு உன் வீடு சத்திரம். எல்லாம் தெரிந்தும் வந்தேன். இரண்டு தடவை குளித்து, புது வேஷ்டி கட்டி, கேட்டுக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதாகத்தான் திட்டம்.

அத்திம்பேர் கேட்டைப் பூட்டினார். பந்திக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பன்றி மாதிரி கத்திக் காட்டினேன். மல்லேஸ்வரமே சிரித்தது. மாடி ஜன்னலில் நீ மட்டும் சிரிக்கவில்லை. திரையை இழுத்து விட்டாய்.

உடம்பு எப்படி இருக்கிறது? திட்டிவிட்டாவது இதற்குப் பதில் எழுது.

உன் தம்பி
சேஷு

*

மல்லேஸ்வரம்
22 பிப்ரவரி 2025

சேஷகிரிக்கு,

1. உன் கடிதம் 19ஆம் தேதி கிடைத்தது.

2. மன்னிப்பு பதிவு செய்யப்பட்டது. ஏற்கப்படவில்லை.

3. முப்பத்தோரு வருஷம் அரசாங்கக் கோப்பு எழுதிய கை. எனக்கு இப்படித்தான் எழுத வரும். பத்தி பத்தியாக எண் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே.

4. உடம்பு நன்றாக இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 88. கிட்னிக்கான கிரியேட்டினின் 1.0. பதினான்கு வயதில் ஆரம்பித்த இன்சுலின் ஊசியை ஐம்பத்தைந்தில் நிறுத்தினேன். நிறுத்திப் பதினான்கு மாதம். காலையில் எழுந்ததும் காப்பி குடிக்கிறேன். ஊசி போட்டு, கடிகாரம் பார்த்து, கணக்குப் போட்டுக் குடிப்பதில்லை. எழுகிறேன், குடிக்கிறேன். இது உங்கள் யாருக்கும் புரியாது.

5. ஒரு கேள்வி. ஆஸ்பத்திரியில் கொடுத்த புத்தகத்தில் ‘நிராகரிப்பு’ என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. வந்த உறுப்பு தன்னுடையதில்லை என்று உடம்பு என்றைக்காவது கண்டுபிடித்துத் தாக்குமாம். வலிக்காது என்கிறார்கள். வலிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பன்றிகளுக்குச் செய்வதும் இதே இரட்டை ஆபரேஷன்தான் என்று சொன்னாய். பார்த்ததை எழுது. வேடிக்கை வேண்டாம்.

ஜெயலக்ஷ்மி

*

அடுகோடி
2 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேடிக்கை இல்லாமல் எழுதச் சொல்கிறாய். உப்பில்லாத ரசத்தை ஒருவன் எவ்வளவு நேரம் பரிமாற முடியும்? முயற்சி செய்கிறேன்.

எங்கள் டாக்டர் ப்ரஹ்லாத் சர்க்கரை வியாதி வரவழைத்த பன்றிக்கு இன்னொரு பன்றியின் கணையத்தையும் கிட்னியையும் சேர்த்து வைக்கிறார். அவர் வேலை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் பன்றி என் சம்சாரம். தினமும் காலையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, சர்க்கரை எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுவேன். ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி உண்டு. நான் வாழ்நாளில் படைத்த இலக்கியம் பூராவும் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு உறுப்பும் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. உடம்பு விரட்ட ஆரம்பித்தால் இரண்டையும் சேர்த்துத்தான் விரட்டும். இதில் கிட்னி வாயாடி. அடி விழுந்ததுமே கிரியேட்டினினை ஏற்றி ஊரைக் கூட்டிவிடும். கணையம் ஊமை. பாதிக்கு மேல் செத்த பிறகுதான் சர்க்கரை ஏறும். ஆகவே எங்கள் வழக்கம்: கிட்னியைக் கவனி, அது சும்மா இருந்தால் கணையமும் சுகம். இதுவரை கணக்கில் வந்த இருபத்தொரு பன்றிகளில் ஒன்றில்கூடக் கணையம் மட்டும் தனியாகப் போனதில்லை. ப்ரஹ்லாத் இதைத்தான் ஏப்ரலில் சிங்கப்பூர் மாநாட்டில் படிக்கப் போகிறார். கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார்.

மொத்தம் இருபத்தேழு. ஆறு கணக்கில் வராது. அது என் திருவிளையாடல். போன வருஷம் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஐயங்கார் பேக்கரி ஹனி கேக் வாங்கிப் போனேன். ஒன்பதாம் நம்பர் பன்றி என்னைப் பார்த்த பார்வையில், உலகத்தில் அதற்கு மட்டும்தான் என் பிறந்தநாள் நினைவிருந்த மாதிரி இருந்தது. பாதி கேக்கைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் சர்க்கரை 190, கிரியேட்டினின் அசையவில்லை. “வாட் இஸ் திஸ், சேஷகிரி?” என்றார் ப்ரஹ்லாத். மறைக்காமல் குறிப்பில் ‘இனிப்பு தின்றது’ என்று எழுதினேன். தீவனக் கட்டுப்பாடு மீறிய பன்றி கணக்கில் சேராது. ஒரேயடியாகத் தூங்க வைத்து, திறந்துகூடப் பார்க்காமல் எரி உலைக்கு அனுப்பிவிடுவோம்.

அதன் பிறகு ஐந்து பன்றிகளுக்கு இதே மாதிரி ஆயிற்று. தீவனம் போடுகிற லட்சுமம்மாவின் கைவரிசை. ஸ்ரீராம்புரத்திலிருந்து வருகிறவள், இளகிய மனசு, டீயில் பன் தோய்த்துக் கொடுத்திருப்பாள். கேட்டால், “தேவராணே குடுக்கலை சார், என் மகமேலே ஆணை” என்று சத்தியம் செய்வாள். அம்மா காலையில் உன் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, “என்னத்தைடி தின்னே?” என்று கேட்கும்போது நீ செய்வாயே, அதே சத்தியம். உன் பாவாடையில் மட்டும் எப்போதும் ஜீனி ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே தைரியமாக இரு. வாயாடியைக் கவனி.

சேஷு

*

மல்லேஸ்வரம்
3 ஏப்ரல் 2025

சேஷகிரிக்கு,

1. மார்ச் 27 அன்று மாதப் பரிசோதனை. எல்லாம் சரி. அடுத்தது ஏப்ரல் 28.

2. வீட்டில் குத்திப் பார்த்த சர்க்கரை, வெறும் வயிற்றில்: மார்ச் 31 – 122. ஏப்ரல் 1 – 139. 2 – 151. இன்று 164.

3. மார்ச் 30 யுகாதி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டப்பா ஒப்பட்டு வந்தது, நம்மூர்ப் போளி. நான் அதைத் தின்னவில்லை. நீ முதலில் இதைத்தான் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன். தின்னவில்லை.

4. பாவாடையில் ஒட்டியிருந்த ஜீனி உன்னுடையது. நீ டப்பாவைத் திறப்பாய், மிச்சத்தை என் மேல் உதறுவாய். நாற்பது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

5. டாக்டரைக் கூப்பிடவா, வேண்டாமா? ஒரு வார்த்தை போதும்.

ஜெயலக்ஷ்மி

*

அடுகோடி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜீனி விஷயத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். காலாவதியாகிவிட்ட வழக்கு என்பதால் தண்டனை கிடையாது.

யுகாதிக்கு மறுநாள் சர்க்கரை ஏறியதற்கு டாக்டரைக் கூப்பிடுவதென்றால் மல்லேஸ்வரத்தில் பாதிப் பேர் இன்றைக்கு ஆம்புலன்ஸில் இருக்க வேண்டும். நீ தின்னவில்லை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் சந்தேகம் வந்திருக்காது. முழு ஒப்பட்டு இல்லை, சரி. ஓரத்தைக் கிள்ளியிருக்கலாம். நெய் எப்படி இருக்கிறதென்று நக்கிப் பார்த்திருக்கலாம். பதினான்கு மாதம் சுதந்திரமாகக் காப்பி குடித்தவளுக்கு ஒரு கிள்ளல்கூடவா இல்லை?

இப்படிச் செய். தெருமுனை லேபில் கிரியேட்டினின் மட்டும் பார். 1.2க்குக் கீழே இருந்தால் கவலையை விடு. டாக்டரிடம் போனால் அட்மிட் செய்வார், வயிற்றில் ஊசி விட்டுச் சதைத் துணுக்கு எடுப்பார், நீ நாலு நாள் படுத்துக் கிடப்பாய். கடைசியில் ஒப்பட்டு என்று ரிப்போர்ட் வரும். அந்த அவமானம் நம் குடும்பத்துக்கு வேண்டாம்.

நீ ஒரு வார்த்தை கேட்டாய். வேண்டாம்.

சேஷு

*

மல்லேஸ்வரம்
10 ஏப்ரல் 2025

சேஷகிரிக்கு,

1. கிரியேட்டினின் பார்த்தேன். 1.0.

2. சர்க்கரை: 7ஆம் தேதி 178. 8 – 184. 9 – 196. இன்று 203. சாதத்தை நிறுத்தி நாலு நாளாகிறது.

3. இன்று காலையில் உன் அத்திம்பேர் ஒப்பட்டு டப்பாவைத் திறந்து எண்ணினார். பதினொன்று இருந்ததாம், ஒன்பதுதான் இருக்கிறதாம். இரண்டை அவர்தான் ஞாயிற்றுக்கிழமை பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். சொன்னேன். “சரி சரி” என்றார். இந்தச் ‘சரி சரி’யைப் பதினான்கு வயதிலிருந்து கேட்கிறேன். அம்மா சொல்லியிருக்கிறாள், ஹாஸ்டல் வார்டன் சொல்லியிருக்கிறார், ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி சொல்லியிருக்கிறாள்.

4. டாக்டரைக் கூப்பிட போனை எடுத்தேன். மேஜை மேல் உன் கடிதம் இருந்தது. பத்தொன்பது வருஷம் ஆராய்ச்சி விலங்குகளைப் பார்த்தவன் எழுதியது. போனை வைத்துவிட்டேன்.

5. நீயாவது நான் சொல்வதை நம்புகிறாயா? ஆம் அல்லது இல்லை.

ஜெயலக்ஷ்மி

*

அடுகோடி
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ் வருஷப் பிறப்பு வாழ்த்துகள். மாங்காய்ப் பச்சடி செய்தாயா? நான் செய்தேன். மாங்காய் பேருக்குத்தான் இருந்தது. வெல்லத்தை நிறுத்த வேண்டிய இடம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ப்ரஹ்லாத் சிங்கப்பூரில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். லட்சுமம்மா மகள் பிரசவத்துக்காகக் கோலார் போயிருக்கிறாள், ஒன்றாம் தேதியிலிருந்து லீவு. அதனால் பன்றிக்குத் தீவனம் நானே அள்ளிப் போடுகிறேன். இப்போது ஒரே ஒரு பன்றிதான், இருபத்தெட்டாம் நம்பர். கொட்டகைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. வேறு யாரும் உள்ளே வருவதில்லை.

அதற்கு எட்டாம் தேதியிலிருந்து சர்க்கரை ஏறியது. கிரியேட்டினின் அப்படியே இருந்தது. பழக்க தோஷத்தில் குறிப்புப் பத்தியில் ‘இனிப்பு’ என்று எழுதிவிட்டேன். அடுத்த வார்த்தை வரவில்லை. கொடுப்பதற்கு ஆள் இல்லையே. யாருடைய பிறந்தநாளும் இல்லை. நேற்று சாயங்காலம் அதுவாகவே செத்துப்போயிற்று. கால்நடை டாக்டர் ஆஞ்சலா சின்னப் பெண், இந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். இன்று காலை அவளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “கணக்கில் சேராத பன்றியை ஏன் சார் திறக்கணும்?” என்று கேட்டாள். சும்மா, என்றேன். திறந்தாள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நீ எதற்கும் உன் டாக்டரிடம் சர்க்கரை விஷயத்தையும் ஒரு வார்த்தை சொல்லி வை. அவசரமில்லை. இருபத்தெட்டாம் தேதி எப்படியும் போகப் போகிறாய் அல்லவா?

அத்திம்பேரிடம் சொல், ஒப்பட்டை எண்ணுகிறவர் மாத்திரையையும் எண்ணட்டும்.

சேஷு

*

மல்லேஸ்வரம்
2 மே 2025

சேஷகிரிக்கு,

1. உன் கடிதம் 17ஆம் தேதி வந்தது. அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். நான் அவசரப்படவில்லை. 28ஆம் தேதி போனேன். முன்னூறு என்பதெல்லாம் எனக்குப் பழைய சிநேகிதம், பயம் வரவில்லை.

2. அன்று சர்க்கரை 318. கிரியேட்டினின் 1.0. அட்மிட் செய்தார்கள். ஸ்கேனில் கணையத்துக்குள் ரத்த ஓட்டம் இல்லை. உடம்பு அதை நிராகரித்து முடித்துவிட்டது. கிட்னி நன்றாக வேலை செய்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது போல.

3. எப்போதிலிருந்து ஏறுகிறது என்று டாக்டர் கேட்டார். என் நோட்டைக் கொடுத்தேன். மார்ச் 31லிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நடுவில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “முதல் வாரமே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்மா. சில பேருக்குக் கேக்கும்” என்றார். அப்புறம், “எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லலை” என்றார்.

4. ஏன் வரவில்லை என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன். நாள் தவறாமல் எழுதிய நோட்டு அவர் கையில் இருக்கும்போதே அப்படிச் சொன்னேன். பக்கத்தில் அத்திம்பேர் நின்றுகொண்டிருந்தார். அவர் தரையைப் பார்த்தார்.

5. செத்த கணையத்தை எடுக்கப்போவதில்லை. எடுப்பதில்தான் ஆபத்து அதிகமாம். உள்ளேயே இருக்கும்.

6. 29ஆம் தேதியிலிருந்து நாலு வேளையும் இன்சுலின். நர்ஸ் போட வந்தாள். அவள் கையிலிருந்து ஊசிப் பேனாவை வாங்கி நானே போட்டுக்கொண்டேன். எந்த இடத்தில் குத்துவது என்று தொடை மறந்திருக்கவில்லை.

7. கேள்வி ஒன்றுதான். 14ஆம் தேதி அந்தப் பன்றியைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது?

ஜெயலக்ஷ்மி

*

அடுகோடி
5 மே 2025

அக்கா,

கிட்னி பிஞ்சுக் கத்திரிக்காய் மாதிரி பளபளவென்று இருந்தது. கணையம் பிழிந்தெடுத்த புளிச் சக்கை மாதிரி சுருங்கிக் கறுத்திருந்தது. ஆஞ்சலா இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “சார், இது மட்டும் தனியா ரிஜெக்ட் ஆயிருக்கு. மத்த ஆறையும் திறந்து பாத்தீங்களா?” என்றாள். அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன் எட்டு எண்களும் கண் முன்னால் வந்தன.

உனக்கு போன் அடித்தேன், பிளாக். அத்திம்பேருக்கு அடித்திருக்கலாம். ஆட்டோ பிடித்து வந்து உன் கேட்டில் நின்று கத்தியிருக்கலாம், கத்திப் பழக்கப்பட்ட கேட்தான். செய்யவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால், ஐந்து பன்றிகளுக்கு நான் பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதினேன் என்று வெளியே வரும். அதே நேரத்தில் ப்ரஹ்லாத் அந்தப் பொய்யை சிங்கப்பூரில் படித்துக்கொண்டிருந்தார். அதனால் உனக்கு மாங்காய்ப் பச்சடியைப் பற்றி எழுதினேன். ‘அவசரமில்லை’ என்று எழுதுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்க் காப்பி போட்டுக் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த வார்த்தையை எழுதினேன். நிதானமாக எழுதினேன் அக்கா.

ஒன்பதாம் நம்பருக்குக்கூட என் கேக் காரணமாக இருந்திருக்காது. பாதி கேக்குக்கு மறுநாள் காலை வரை 190 நிற்காது. அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நான் கொடுத்ததால் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி ஒரு கதை கிடைத்த சந்தோஷத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி நீ கேட்டாய், ஆம் அல்லது இல்லை என்று. இல்லை. நான் நம்பவில்லை. நீ கிள்ளித் தின்றிருப்பாய் என்றுதான் நினைத்தேன்.

லட்சுமம்மா திரும்பி வந்துவிட்டாள். அவளிடம் சொன்னேன். வாளியை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “அந்தப் பொஸ்தகத்துலே என் பேரை எழுதினீங்களா சார்?” என்று கேட்டாள். ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ப்ரஹ்லாதிடமும் சொன்னேன். “எல்லாம் எரிஞ்சு போச்சு, சேஷகிரி. ப்ரூஃப் எங்கே? ஒரு பன்றியை வெச்சுண்டு மொத்த ஸ்டடியையும் கவுக்கச் சொல்றியா?” என்றார். மேஜை மேல் ராஜினாமாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாதக் கடைசியோடு சரி. இனி எந்த விலங்கையும் தொடப்போவதில்லை. கொஞ்ச நாள் கழிந்தால் உன் டாக்டர் என்னை உள்ளே விடுவார். பத்து வயதில் உன் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்துக் கொடுத்தவன் நான்தான். நாலு வேளையும் வந்து போட்டுவிடுகிறேன். பேச மாட்டேன். வரலாமா?

சேஷு

*

மல்லேஸ்வரம்
9 மே 2025

சேஷு,

1. கேட்ட கேள்விக்கு முதல் தடவையாகப் பதில் எழுதியிருக்கிறாய்.

2. ராஜினாமாவைத் திரும்ப வாங்கு.

3. பழைய குமாஸ்தா போன பிறகு கோப்பு எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் பார்த்திருக்கிறேன். யாரும் கிழிக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவன் பழைய குறிப்பைப் பார்த்து அதே மாதிரி எழுதுவான். நீ போனால் உன் இடத்துக்கு வருகிறவனும் இனிப்பு தின்றது என்றுதான் எழுதுவான்.

4. பன்றிகள் எரிந்துவிட்டன, எண்கள் எரியவில்லை. ஆறுக்கும் எந்தத் தேதியில் எவ்வளவு என்று பதிவேட்டில் இருக்கிறது. கேக் தின்ற ஒன்பதைத் தவிர மற்ற ஐந்துக்கும் இனிப்பு கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடிந்த ஒரே ஆள் நீ. அதை எழுதிக் கையெழுத்துப் போடு. விலங்கு ஆராய்ச்சியை மேற்பார்க்க உங்களிடம் ஒரு கமிட்டி இருக்குமே, அதற்கு அனுப்பு. நகல் ப்ரஹ்லாதுக்கு. லட்சுமம்மாவின் பெயர் வரும் ஐந்து இடத்திலும் அது தவறு என்று எழுது. அடித்துவிடாதே. பழையது தெரிய வேண்டும்.

5. நீ அங்கேயே இருந்தால் இங்கே வர முடியாது. கிட்னி இருக்கும் வரை நான் மாத்திரையை நிறுத்த முடியாது, நீ வாசலைத் தாண்ட முடியாது. யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு நாள் யோசித்தேன்.

6. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிக்க வருகிறதா என்று தெரியவில்லை. சில காலைகளில் ஊசி போடும்போது உன் பெயரைச் சொல்லித் திட்டுகிறேன். அத்திம்பேர் கேட்டுக்கொண்டே பேப்பர் படிக்கிறார். ஒப்பட்டு டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டார்.

7. அடுத்த பன்றி வந்ததும் அதன் எண்களை எனக்கு எழுது. எல்லாவற்றையும். நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்காதே.

ஜெயா

*

அடுகோடி
22 ஜூன் 2025

அக்கா,

ராஜினாமாவைத் திரும்ப வாங்கிவிட்டேன். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்குக் கொடுத்தேன். விசாரணை வைத்திருக்கிறார்கள். ப்ரஹ்லாத் என்னோடு பேசுவதில்லை. சிங்கப்பூரில் படித்த கட்டுரையை அச்சுக்கு அனுப்ப வேண்டாமென்று கமிட்டி சொல்லியிருக்கிறது. கான்டீனில் நான் போய் உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. லட்சுமம்மா மட்டும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நட்பினால் அல்ல, அவளுக்கு அந்த இடத்தில்தான் மின்விசிறி.

இருபத்தொன்பதாம் நம்பருக்கு ஜூன் முதல் தேதி ஆபரேஷன் ஆயிற்று. நீ கேட்ட எண்கள். சர்க்கரை: எட்டாம் தேதி 81. 9 – 84. 10 – 80. 11 – 85. 12 – 83. கிரியேட்டினின் எல்லா நாளும் 1.1.

பதின்மூன்றாம் தேதி காலை சர்க்கரை 117. கிரியேட்டினின் 1.1.

லட்சுமம்மா நான் கேட்பதற்கு முன்னாலேயே, “நான் ஒண்ணும் குடுக்கலை சார்” என்றாள். தெரியும் என்றேன். அப்படிச் சொன்னதும் அவள் அழுதாள். எதற்கு என்று கேட்கவில்லை. ஏழு மணிக்கே ஆஞ்சலாவைக் கூப்பிட்டேன். அவள் கணையத்தில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தாள். தாக்குதல் தொடங்கியிருந்தது, முதல் கட்டம். சாயங்காலத்துக்குள் மருந்து ஏற்றினோம்.

14 – 131. 15 – 128. 16 – 109.

17ஆம் தேதி 86. அன்றிலிருந்து இன்று வரை தொண்ணூறைத் தாண்டவில்லை. கணையம் பிழைத்துவிட்டது.

இந்தக் கடைசி எண்களை உனக்கு எழுதலாமா கூடாதா என்று ஐந்து நாள் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பொறுக்காதே என்று நீ எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டேன்.

சேஷு